செம்பிக்குப் பத்தியம்

சாம்பியன் ரீப்ஸ்,
ஸ்கெலட்டன் லைன்,
1901 ஜூலை 8, திங்கள்

நேசமணிக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நான், தம்பி இன்பராஜ், கூட்டாளி சின்னசாமி மூன்று பேரும் சுகம். நான்காவது ஆளுக்குத்தான் சுகமில்லை. அதற்காகவே எழுதுகிறேன், வேறு எதற்கும் இல்லை. நீ கோபித்துக்கொண்டு குடியாத்தத்துக்கு உன் அம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு இருபத்துமூன்று நாள். நீயாக எழுதும்வரை ஒரு வரிகூட எழுதுவதில்லை என்றிருந்தேன். உன் நாய் எழுத வைத்துவிட்டது.

சனிக்கிழமை முதல் செம்பிக்கு வயிறு சரியில்லை. தண்ணீராகப் போகிறது. இரண்டு முறை வாந்தி எடுத்தது. எங்கே எதைத் தின்று தொலைத்ததோ தெரியவில்லை. அன்றைக்கு அடுத்த வரிசையில் ஒரு கல்யாணம், ஆடு அடித்தார்கள். கொழுப்பும் எலும்பும் வேலியோரம் கிடந்தன என்று இன்பராஜ் சொல்கிறான். நான் தங்கச் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுப்பேனா, நாய் பின்னால் ஓடிக்கொண்டிருப்பேனா?

லைன் வீடுகளில் எல்லோருக்கும் வைத்தியம் சொல்வாரே தங்கையா மேஸ்திரி, அவரிடம் கேட்டேன். "உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய வரணும்ப்பா. வெளக்கெண்ணெ ஊத்து" என்றார். ஊற்றினேன். தம்பிக்கும் சின்னசாமிக்கும் தெரியட்டும் என்று உன் பழைய பள்ளிக்கூடச் சிலேட்டில் எழுதி அடுப்பு மேட்டில் சாய்த்து வைத்தேன். சின்னசாமிக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அவன் புறப்படும்போது வாயாலும் சொன்னேன்.

இன்றைக்கு இன்னும் மோசம். வளர்த்தவள் நீ, விட்டுப் போனவளும் நீ. என்ன செய்வது என்று எழுது.

மாணிக்கராஜ்

*

குடியாத்தம்,
ஜூலை 10

சாம்பியன் ரீப்ஸ் சுரங்க மரவேலை மாணிக்கராஜ் அவர்களுக்கு,

நாய்க்கு வயிறு கெட்டதால் எனக்குக் கடிதம் வந்தது. பெண்டாட்டி அடுப்படியில் சுருண்டு விழுந்தபோது இந்தப் பதற்றத்தில் பாதி இருந்திருந்தால் கடிதத்துக்கே அவசியம் வந்திருக்காது. போகட்டும். செம்பியின் வயிற்றைப் பேசுவோம்.

முதலில் அந்த எண்ணெயை நிறுத்துங்கள். ஏற்கெனவே தண்ணீராகப் போகிற வயிற்றில் விளக்கெண்ணெய் ஊற்றச் சொன்ன மேஸ்திரிக்கு ஒரு கரண்டி ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் மிஷன் பங்களாவில் மிஸ்ஸியம்மாவின் நாய்களைப் பார்த்துக்கொண்டவள் நான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், அப்படியே செய்யுங்கள்.

ஒரு நாள் முழுக்க வயிற்றைக் காயப் போட வேண்டும். சோறு, பால், எலும்பு, ஒன்றும் கூடாது. தண்ணீர் மட்டும் கட்டாயம் வேண்டும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். சட்டி நிறைய வைத்தால் அவள் அவசரப்பட்டு மடமடவென்று குடித்து அப்படியே கக்கிவிடுவாள். மறுநாள் காலையில் நொய்க்கஞ்சி, உப்பில்லாமல், குழைய வேகவைத்து, ஒரே ஒரு கைப்பிடி. அது தங்கினால் சாயங்காலம் இன்னொரு கைப்பிடி. கருவாட்டுத் துண்டு ஒன்றுகூட அதன் பக்கம் போகக் கூடாது.

முதுகுத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். உடனே படிந்துவிட்டால் பயமில்லை. எழும்பியபடியே நின்றால் உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம். ரத்தம் கண்டால் யோசிக்காமல் துரைமாரின் குதிரைகளைப் பார்க்கிற வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். காற்று உள்ளே வருகிற தட்டிச் சுவர் அது. அடியில் கோணி விரித்துப் படுக்க வையுங்கள்.

விட்டுப் போனவள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டிவர நினைத்தேன், ரயிலில் ஏற்ற முடியவில்லை. உங்களைத்தான் விட்டு வந்தேன். அவளை விட்டு வரவில்லை.

நேசமணி

*

சாம்பியன் ரீப்ஸ்,
ஜூலை 14, ஞாயிறு

நேசமணிக்கு,

உன் பட்டினி வைத்தியம் பலிக்கவில்லை. அதைச் சொல்வதில் எனக்கொன்றும் சந்தோஷம் இல்லை.

நீ எழுதியதை ஒரு எழுத்து விடாமல் செய்தேன். சிலேட்டை அழித்துவிட்டு, "எண்ணெய் வேண்டாம். இன்று முழுக்கப் பட்டினி. விடிந்ததும் கஞ்சி, ஒரு கைப்பிடி" என்று புதிதாக எழுதி வைத்தேன். என் கையால் நொய்யை வேகவைத்தேன். அடிப்பிடித்துவிட்டது, மேலாக எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கி, சாயங்காலம் எழுந்து பார்த்தால் வாசலில் வாந்தி. சோறு சோறாகக் கிடக்கிறது. மறுபடியும் பட்டினி போட்டேன், மறுபடியும் அதே கதை. நேற்றும் இன்றும் எழுந்து நிற்கவே தள்ளாடுகிறது. விலா எலும்பை எண்ணலாம். தோலைக் கிள்ளினேன், மெல்லத்தான் படிகிறது. ரத்தம் இல்லை.

யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. இன்பராஜும் சின்னசாமியும் உயிரைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேச நேரம் எங்கே? உனக்குத் தெரியாததா? நான் காலை ஷிப்ட், சின்னசாமி மத்தியான ஷிப்ட், தம்பி ராத்திரி ஷிப்ட். நான் இறங்கும்போது தம்பி ஏறுகிறான், நான் ஏறும்போது சின்னசாமி இறங்குகிறான். கேஜ் கூண்டு வாசலில் "இன்னா, சாப்ட்டியா" என்று கேட்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஓய்வு. அன்றைக்குத்தான் ஷாப்ட் குழியில் கல் ஏற்றாமல் இருப்பார்கள் என்று எங்களை மரம் மாற்ற இறக்கிவிடுகிறார்கள். இதோ, இப்போதுதான் ஏறி வந்தேன்.

வேறு வைத்தியம் இருந்தால் எழுது. என்னைத் திட்டுவதாக இருந்தால் அதைத் தனிக் கடிதமாக எழுது. இரண்டையும் கலந்தால் எது மருந்து, எது வசவு என்று தெரியவில்லை.

மாணிக்கராஜ்

*

குடியாத்தம்,
ஜூலை 16

மாணிக்கராஜ் அவர்களுக்கு,

கலந்துதான் எழுதுவேன். இந்த வீட்டில் காகிதம் அவ்வளவுதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். படிக்கப் படிக்கத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாயைப் பட்டினி போட்டேன் என்கிறீர்கள். வாந்தியில் சோறு கிடந்தது என்றும் எழுதுகிறீர்கள். பட்டினி கிடந்த வயிற்றில் சோறு எப்படி வந்தது? ஒரு கைப்பிடி குழைந்த கஞ்சி சோறு சோறாக எப்படி வெளியே வரும்? இதைக் கேட்க வேண்டும் என்று ஒரு நாளும் உங்களுக்குத் தோன்றவில்லையா? சுரங்கத்தில் ஒரு மரம் விரிசல் விட்டால் மேலே பாறையைத் தட்டித் தட்டிப் பார்ப்பீர்களே, வீட்டில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள்?

வேறு வைத்தியம் கிடையாது, அதேதான். அதைச் செய்கிற ஆள் ஒருவராக இருக்க வேண்டும். லீவு போடுங்கள். என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஜெபத்தில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான்கு நாள் வீட்டைவிட்டு நகராமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

அந்த வீட்டில் எனக்கென்று யார் இருந்தார்கள்? நீங்கள் வந்து தூங்கும்போது இன்னொருவர் சாப்பிடுகிறார், அவர் சாப்பிட்டு எழுந்தால் இன்னொருவர் குளிக்க வெந்நீர் கேட்கிறார். அடுப்படியில் நான் அழுதால் எழுந்து வந்து என் காலில் தலையை வைத்தது அவள் ஒருத்திதான். அவள் அங்கே செத்துப்போனால் நான் திரும்பி வருவதற்கு அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

நேசமணி

*

சாம்பியன் ரீப்ஸ்,
ஜூலை 22, திங்கள்

அன்புள்ள நேசம்,

செம்பி பிழைத்துக்கொண்டது. இதை முதல் வரியில் எழுதாவிட்டால் நீ மற்றதைப் படிக்க மாட்டாய்.

வியாழக்கிழமை உன் கடிதம் வந்ததும் சுரங்கக் கேப்டனிடம் போய்க் காய்ச்சல் என்று சொன்னேன். நாய்க்குப் பேதி என்று சொல்லியிருந்தால் கேஜ் இல்லாமலே ஷாப்டில் தள்ளியிருப்பார். அன்றைக்கு முழுக்கச் செம்பிக்குத் தண்ணீர் மட்டும் என்று முடிவு செய்து, அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மணி மூன்று இருக்கும். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுத்த இன்பராஜ் அப்போதுதான் எழுந்தான். முகம் கழுவினான். சிலேட்டைப் பார்த்தான். நேராகப் பானையில் கைவிட்டுப் பழைய சோறு ஒரு பிடி அள்ளிச் செம்பியின் சட்டியில் போட்டான். அது பாவம், தள்ளாடிக்கொண்டு எழுந்து போகிறது.

"டேய், இன்னாடா பண்றே?"

"கஞ்சிண்ணே. நீதானே எழுதி வெச்சிருக்கே, விடிஞ்சதும் ஒரு கைப்பிடின்னு."

"மணி மூணுடா!"

"எனக்கு இப்பத்தானே விடியுது?"

அவன் விளையாடவில்லை, நேசம். மூஞ்சியைப் பார்த்தால் அவ்வளவு அக்கறை. சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு மேற்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு நாளும் அவன் எழும்போது செம்பி சட்டியை நக்கிக்கொண்டு பரிதாபமாகப் பார்க்குமாம். அண்ணன் அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு இவன் போடுவானாம். நொய்யை வேகவைக்கத் தெரியாது, அதனால் பழைய சோறு.

சின்னசாமி ராத்திரி படுத்து காலை ஒன்பது மணிக்கு எழுகிறவன். வெள்ளிக்கிழமை காலையில் அவன் விடியல் எப்படி என்று பார்ப்போம் என்று அசையாமல் படுத்திருந்தேன். எழுந்தான். செம்பியின் வாயைப் பிளந்து ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றப் போனான். கையைப் பிடித்தேன்.

"எண்ணெய் வாணாம்னு எழுதியிருக்குதேடா!"

"எழுத்து அப்படியே கீதேண்ணே? நீ மொதல்ல இன்னா சொன்னியோ அதானே அதுல கீது?"

சிலேட்டை அழித்து மாற்றி எழுதிய நான் அவனிடம் வாயால் சொல்லவில்லை. அவனுக்கு எல்லா எழுத்தும் ஒரே எழுத்து. எண்ணெய் கசக்கும் என்று ஒரு துண்டு சுட்ட கருவாடும் கொடுத்திருக்கிறான், தினமும். செம்பிக்கு இந்த வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று முறை விடிந்திருக்கிறது. நாலரைக்கு என் கஞ்சி, ஒன்பதுக்கு எண்ணெயும் கருவாடும், மூன்று மணிக்குப் பழைய சோறு. பட்டினி என்று அது ஒரு பொழுதும் கிடக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. இரண்டு பேரும் அதைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் நானே ஒரு ஆளாகப் பார்த்தேன். நீ சொன்னபடி தண்ணீர், கொட்டாங்கச்சி, கோணி, ஒரு கைப்பிடி. சனிக்கிழமை கஞ்சி தங்கியது. நேற்று வாலை ஆட்டியது. இன்றைக்கு வாசல்வரை நடந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கோழியைப் பார்த்துக் குரைத்தது. மலம் கட்டியாக இருக்கிறது. இப்படி ஒரு செய்தியைச் சந்தோஷமாக எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

நான்கு நாள் வீட்டில் இருந்ததால் மூன்று பேருக்கும் நானே ஆக்கினேன். நீ இல்லாத இத்தனை நாளும் ஆளாளுக்குக் கிடைத்ததைத் தின்றுகொண்டிருந்தோம். சும்மாதானே இருக்கிறேன் என்று அடுப்பைப் பற்ற வைத்தேன். நேசம், அது அணையவே இல்லை. ஒருவன் கை கழுவினால் இன்னொருவன் வந்து நிற்கிறான். நடுவில் வெந்நீர், காப்பி, ஷிப்டுக்குக் கட்டுச்சோறு. மூன்றாம் நாள் உட்கார்ந்தபடியே தூங்கிச் சட்டியில் கையைச் சுட்டுக்கொண்டேன். நீ எப்படி இரண்டு வருஷம் செய்தாய்? நான் கீழே எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு உன்னிடம் களைப்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

வந்துவிடு.

மாணிக்கராஜ்

*

குடியாத்தம்,
ஜூலை 25

அன்புள்ள உங்களுக்கு,

செம்பி குரைத்தாள் என்ற இடத்தில் அழுதுவிட்டேன். அம்மா பயந்துபோய் யார் செத்தது என்று கேட்டாள்.

இன்னும் ஐந்து நாள் அவசரப்பட வேண்டாம். கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்குங்கள். நாளை மறுநாள் ஒரு கரண்டி புளிக்காத தயிர் சேர்க்கலாம். அதற்கப்புறம் எலும்பும் கொழுப்பும் இல்லாத கறியை வேகவைத்து, பிய்த்து, இரண்டு துண்டு. தேறிவிட்டாள் என்று பழையபடி எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வந்துவிடு என்று எழுதிவிட்டீர்கள். எங்கே வருவது? அதே அடுப்புக்கா? உங்கள் கை சுட்டதற்கு வருத்தப்படுகிறேன். அது நான்கு நாள் சூடு. ஐந்தாம் நாள் நீங்கள் ஷிப்டுக்குப் போய்விட்டீர்கள்.

நான் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவர்கள் இருவரும் வேறு லைனில் ஒரு வீடு பார்த்துக்கொள்ளட்டும், இங்கே வந்து போகட்டும், ஞாயிற்றுக்கிழமை நானே ஆக்கிப் போடுகிறேன் என்றேன். அவர்களிடம் சொன்னேன் என்று நீங்கள் வந்து சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "அண்ணி எனக்கு ஒரு பிடி சோறு போடவும் கணக்குப் பார்க்கிறாங்களா" என்று இன்பராஜ் கேட்டதாகச் சொன்னீர்கள். சின்னசாமி, பாறை சரிந்தபோது உங்களை இழுத்துப் போட்டவன், வாயைத் திறக்காமல் அழுதான் என்றீர்கள். அதற்குப் பிறகு அவர்கள் தட்டில் சோறு போடும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிந்தது. கேட்டும் போகாதவர்களுக்கு எப்படி முகம் கொடுப்பது? கரண்டியை வீசியிருக்கிறேன், தட்டைத் தரையில் டங்கென்று வைத்திருக்கிறேன்.

இப்போது நாயைப் பார்த்தாவது அவர்களுக்குப் புரிந்திருக்கும். இன்னொரு முறை சொல்லுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். என்ன செய்வது என்று அப்புறம் நான் யோசிக்கிறேன்.

நேசமணி

*

சாம்பியன் ரீப்ஸ்,
ஜூலை 28, ஞாயிறு

அன்புள்ள நேசம்,

செம்பிக்கு இன்று தயிர் சேர்த்தேன், தங்கியது. இதற்குமேல் எழுதப்போவதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரியவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

இன்னொரு முறை சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் முதல் முறையே சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ கேட்ட அன்றைக்குச் சொல்லத்தான் போனேன். தம்பி அப்போதுதான் குளித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான். எனக்கு வாய் வரவில்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்டுத் தம்பியைத் துரத்தினான் என்று லைன் முழுக்கப் பேசுமே என்று பயம். உயிரைக் காப்பாற்றினவனை வீட்டைவிட்டு அனுப்புகிறோமே என்ற கூச்சம். திரும்பி வந்தால் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். ஏதாவது சொல்ல வேண்டுமே. அந்த இடத்திலேயே கட்டிச் சொன்னேன். தம்பி அப்படிக் கேட்கவில்லை, சின்னசாமி அழவில்லை. அதற்கப்புறம் நீ கேட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு பதிலைக் கட்டினேன்.

நேற்று ராத்திரி ஷிப்டுக்கு இறங்கும் முன் இரண்டு பேரையும் கேஜ் வாசலில் பிடித்து நிறுத்திச் சொன்னேன். சின்னசாமியும் அன்றைக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு தம்பியோடு வந்திருந்தான். தம்பி கேட்டான், "அண்ணி இத்தினி நாளா கஷ்டப்பட்டுக்கினு இருந்தாங்களா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயிருப்பேனேண்ணே. எம்மேல இன்னா கோவமோ, எதுக்குத் தட்டை அப்படி வெக்கிறாங்களோன்னு நெனச்சிக்கினே சாப்ட்டேன்."

சின்னசாமிக்குக் கோரமண்டல் லைனில் மாமன் மகனோடு இருக்க ரொம்ப நாளாக ஆசையாம். நான் வருத்தப்படுவேன் என்று இங்கேயே கிடந்தானாம். இன்றைக்குக் காலையில் தம்பியையும் கூட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் இரண்டு வருஷம் பயந்த பேச்சு வெற்றிலை மென்று துப்புகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

இப்போது வீட்டில் நானும் செம்பியும்தான். என்ன தண்டனை வேண்டுமானாலும் எழுது.

மாணிக்கராஜ்

*

குடியாத்தம்,
ஜூலை 31, புதன்

மாணிக்கராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நேற்று படித்தேன்.

அந்தப் பிள்ளை இன்பராஜுக்கு நான் ஒரு நாளும் முகம் கொடுத்துச் சோறு போடவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட ரசத்தைத் தள்ளித்தான் வைத்தேன். அவன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டேன். சின்னசாமி ஒருமுறை எனக்கு என்று மரிக்குப்பத்திலிருந்து பலாச்சுளை வாங்கி வந்தான். நான் அதைத் தொடவே இல்லை. எதற்கென்று தெரியாமலே இரண்டு பேரும் இரண்டு வருஷம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் நான் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பேன்? கேட்கத்தான் போகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரையும் சாப்பிட வரச் சொல்லுங்கள். சிலேட்டில் எழுதாமல், நேரில் போய் வாயால் சொல்லுங்கள்.

தண்டனை எழுதச் சொன்னீர்கள். நேற்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாள் தீர்ந்தது. கால்வாசிகூட வரவில்லை. இத்தனை நாள் மூன்று பேர்மேலும் பிரித்துப் போட்டிருந்த கோபம் முழுக்க இப்போது உங்கள் ஒருவர்மேல் வந்து நிற்கிறது. அவ்வளவையும் தபாலில் அனுப்ப முடியாது. சனிக்கிழமை ரயிலில் நானே கொண்டுவருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து நில்லுங்கள்.

நேசம்